பட்டப்பகலில் எரிந்த பல்பு

ஆத்தூர்,
16.6.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கௌசியா. உங்களுக்கு என்னைத் தெரியாது. போன சனிக்கிழமை கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு தேடி நானும் என் அண்ணன் ஃபைஸானும் அலைந்துகொண்டிருந்தபோது உங்கள் வீட்டு இரும்புக் கதவில் தொங்கிய பலகையைப் பார்த்தோம். "மாடி ரூம் வாடகைக்கு. படிக்கும் பெண்களுக்கு மட்டும். போன் கிடையாது. கடிதம் போடவும். வள்ளியாத்தாள்." கீழே விலாசம். அண்ணன் நடுத்தெருவில் நின்று சிரித்தான். "இந்தம்மா ரூமை விடறதுக்கு போர்டு வைக்கல, விடாம இருக்கறதுக்கு வெச்சிருக்காங்க" என்றான். எனக்கு என்னவோ அந்தப் பலகை பிடித்துப்போனது. ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து 'இல்லை' வாங்கி அலுத்துவிட்டது. காகிதத்தில் வாங்கினால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் அல்லவா?

உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் உள்ள கல்லூரியில் எனக்கு எம்.எஸ்ஸி. தாவரவியல் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல் நிரம்பிவிட்டது. தினமும் ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்றால், செய்முறை வகுப்பு முடியவே பொழுது சாய்ந்துவிடும் என்கிறார்கள். அத்தா, அதாவது என் அப்பா, ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஜூலை 14 கல்லூரி திறக்கிறது. அதற்குள் அவர் மனதுக்குப் பிடித்த மாதிரி ஒரு வீடு அமைந்தால் எம்.எஸ்ஸி. அமையாவிட்டால் உள்ளூரிலேயே பி.எட். சேர வேண்டும். எனக்கு ஆசிரியர் வேலை வராது அம்மா. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் பார்த்தேன். அவர்களும் அழுதார்கள், நானும் அழுதேன்.

இன்னொன்றையும் இப்போதே எழுதிவிடுகிறேன். நாங்கள் முஸ்லிம்கள். அத்தா பெயர் கரீம் பாஷா, ஜவ்வரிசி மண்டி வைத்திருக்கிறார். வீடு காலி என்று போனில் சொல்பவர்கள், பெயரைக் கேட்டதும் "அடடா, இப்பத்தான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்தோம்" என்கிறார்கள். டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு வீட்டில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னார்கள். நான் தொழுவேன், கறி சமைப்பேன். உங்களுக்கு அதில் சம்மதம் இல்லையென்றால் பதிலே எழுத வேண்டாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கௌசியா


கொண்டப்பநாயக்கன்பட்டி,
18.6.2025

ஆத்தூர்ப் பொண்ணுக்கு,

உன் கடுதாசி வந்தது. எழுத்து நல்லா முத்துமுத்தாக இருக்கிறது. இதுக்கு முன்னால எழுதினவள் ஒருத்தி கோழி கிளறின மாதிரி எழுதியிருந்தாள், நான் பதிலே போடவில்லை.

நீ யாரு என்ன ஆளு என்று நான் கேட்டேனா? நீயாக எதுக்கு ஒப்பிக்கிறாய்? கறி சமைப்பேன் என்று மிரட்டுகிறாய். நானும்தான் சமைப்பேன். புரட்டாசியில் மட்டும் என் மூக்குக்குப் படாமல் பார்த்துக்கொள். மற்றபடி நீ பாட்டு வை, கூட்டாளிகளோட சிரி, ஆடு, அதெல்லாம் எனக்குத் தொந்தரவே இல்லை.

ரூம் மாடியில், தனிப் படி. ஜன்னலைத் திறந்தால் ஏற்காட்டு மலை தெரியும். மலையைக் காட்டி வாடகை கூட வாங்குகிறவள் நான் இல்லை. மத்தியானம் தளம் கொதிக்கும், அதையும் சொல்லிப்போடுகிறேன். உப்புத் தண்ணி எப்பவும் வரும். நல்ல தண்ணி வரும்போது வரும். ஒரே ஒரு நிபந்தனை. மோட்டர் போட்டால் டேங்க் ரொம்பினதும் நீதான் நிறுத்தணும். அது வழிஞ்சு வழிஞ்சு பக்கத்து ஊட்டு மஞ்சுளா சுவத்துல பாசி பிடிச்சு, அவளுக்கும் எனக்கும் ரெண்டு வருசமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

எனக்குப் பொறந்த ஊர் பள்ளிபாளையம். முப்பது வருசம் விசைத்தறி ஓட்டின காசில் கட்டின ஊடு இது. அதனால் கண்டவங்களுக்கு விடமாட்டேன், ஆளைப் பார்க்கணும். வர்ற ஞாயிற்றுக்கிழமை உன் அப்பனைக் கூட்டிக்கொண்டு வா. மத்தியானச் சோறு இங்கதான்.

வள்ளியாத்தாள்


ஆத்தூர்,
23.6.2025

அம்மா அவர்களுக்கு,

நேற்று நானும் அத்தாவும் அண்ணனும் வந்தோம். உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் எழுதுகிறேன் என்றால், எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

வாழப்பாடிக்குப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது, அதனால் தாமதமாகிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் அத்தா வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தார். மண்டியைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நல்ல ஜவ்வரிசியாகப் பார்த்து ஒரு பை கட்டிக்கொண்டு வந்தார். கேட்டைத் தட்டினோம். "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டோம். ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த டிவியில் சத்தமே இல்லை. அத்தனை அமைதியில் நாங்கள் இரும்புக் கதவைத் தட்டியது உங்கள் காதில் விழவில்லை என்று என்னால் நம்ப முடியாது.

ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்கு வந்தீர்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு சிரித்தேன். நீங்கள் திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த வெயிலில் அத்தா கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியாது. 'நீயாக எதுக்கு ஒப்பிக்கிறாய்' என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஃபேர்லேண்ட்ஸ்காரர்களாவது முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார்கள். நீங்கள் சோறு போடுகிறேன் என்று வரச்சொல்லித் திரையை மூடினீர்கள்.

திரும்பி வந்து ஆத்தூரில் இறங்கும்போது அத்தா, "நாளைக்கு பி.எட். அப்ளிகேஷன் வாங்கிடும்மா" என்றார்.

கௌசியா


கொண்டப்பநாயக்கன்பட்டி,
23.6.2025

ஆத்தூர்ப் பொண்ணுக்கு,

ரூம் வேணும் என்று எழுதிக் கேட்டவள் வரணும். வரமுடியவில்லை என்றால் ஒரு கார்டு போடணும். உங்க ஊர்ப் பக்கம் இப்படித்தான் பழக்கமா?

ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சதும் எழுந்து ஊட்டைக் கழுவிவிட்டேன். நீங்க அறுக்கிற முறையில இருந்தாத்தான் சாப்பிடுவீங்களாமே என்று, எப்பவும் வாங்குகிற கடையை விட்டுப்போட்டு, அக்கட்டால இருக்கிற பாய் கடைக்கு நடந்தே போய்க் கோழி வாங்கியாந்தேன். "என்ன ஆத்தா, இன்னைக்கு நம்ம கடைக்கு?" என்று அந்தப் பாய் கேட்டான். "ஒறம்பரை வருது, விருந்தாக்கணும்" என்று பெருமையாகச் சொன்னேன். எனக்கு எதுக்கு அந்தப் பெருமை?

ஒரு மணி வரைக்கும் வாசலிலேயே நின்றேன். கால் கடுத்துப்போச்சு. அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்து வர்றபோது வரட்டும் என்று டிவியைப் போட்டேன். வெயில் டிவி மேலேயே அடித்தது, எழுந்து திரையை இழுத்துவிட்டேன். பொழுதோடதான் தெரிஞ்சுது, இனி வரமாட்டீங்க என்று. அந்தக் கோழிக் கொழம்பை நேத்து ராத்திரியும் நான்தான் தின்றேன், இன்னைக்குக் காலையிலும் நான்தான் தின்றேன். மத்தியானத்துக்கும் இருக்கிறது.

என் மகன் குருமூர்த்தி சொன்னான், "கடுதாசி போட்டு ஆள் புடிக்கிற ஒரே ஆள் நீதாம்மா, எவளும் வரமாட்டா" என்று. அவன் சொன்னதே நிஜமாகிப்போனது. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

வள்ளியாத்தாள்


ஆத்தூர்,
26.6.2025

அம்மா,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நம் இருவருடைய கடிதங்களும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் நான் திட்டி எழுதியது உங்கள் கைக்கு வந்திருக்கும். அதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பாதி படித்ததுமே, "கோழியா வாங்கி வெச்சாங்க?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். பாய் கடை என்று வந்ததும், "நிறுத்து, அதைத் திரும்பப் படி" என்றார். திரும்பப் படித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நானும் உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. நாங்களும் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்டைத் தட்டியதும் உண்மை, நீங்கள் சோறாக்கிக் காத்திருந்ததும் உண்மை. அப்படியென்றால் நடுவில் என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. போன் கிடையாது. டிவியில் சத்தம் இல்லை. நான் பாட்டு வைத்தால் தொந்தரவு இல்லை. டேங்க் நிறைந்து வழிந்தால் தெரிவதில்லை. முப்பது வருடம் தறி.

கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அம்மா, உங்களுக்குக் காது கேட்காதா?

கௌசியா


கொண்டப்பநாயக்கன்பட்டி,
29.6.2025

கௌசியாவுக்கு,

கேட்காது. போதுமா?

உன் திட்டுக் கடுதாசி முதல்ல வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போடலாம் என்று எடுத்துப் போனேன், போட மனசு வரவில்லை. கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்திலேயே கடுதாசியை மடிச்சு வெச்சுப்போட்டேன். ஒரு மனுசனை ஊட்டுக்குக் கூப்பிட்டு வெயில்ல நிக்க வெச்சிருக்கிறேன். அட கெரகமே! உங்க அப்பாகிட்டச் சொல்லு சாமி, அந்தக் கிழவி கண்ணு கூசித்தான் திரையை இழுத்தாள், உங்களைப் பார்த்திருந்தால் ஓடி வந்து கேட்டைத் திறந்திருப்பாள் என்று.

இது எனக்கு எப்ப வந்தது என்றே தெரியாது கண்ணு. தறிப்பட்டறையில் யாருக்குத்தான் காது கேட்கும்? தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது. வாய் அசைகிறதைப் பார்த்தே பேசிக்குவோம், கையால ஜாடை காட்டுவோம். இப்படியே வருசம் ஓடிப்போச்சு. ஒரு நாள் கரண்டு போய்த் தறியெல்லாம் நின்றுபோச்சு. எல்லாரும் பேசிச் சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லை. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். போன வருசம் மாடியில் ஒரு புருசன் பொண்டாட்டி இருந்தாங்க. எனக்குக் காது கேட்காது என்று தெரிஞ்சதும் என் முகத்துக்கு நேராகச் சிரிச்சுக்கிட்டே, "இந்தச் செவிட்டு மூதேவி எப்பப் போவா" என்பாள் அவள். எனக்கு வாயைப் பார்த்தால் புரியும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள், "நீ முதல்ல போ, நான் அப்புறம் வாரேன்" என்று பதில் சொன்னேன். மூஞ்சி செத்துப்போச்சு. மறுவாரமே காலி பண்ணிப்போட்டாங்க. அதுக்கப்புறம் மாடிக்கு வர்றவங்க யாருக்கும் சொல்வதில்லை.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். கேட்டுப் பக்கத்துச் சுவரில் சுச்சு ஒன்று இருக்கிறதே, அதை ஏன் நீங்க போடவில்லை? அதைப் போட்டால் டிவிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு, அடுப்படியில் ஒரு சிவப்பு பல்பு, ரெண்டும் எரியும். பட்டறையில் எங்களைக் கூப்பிடணும் என்றால் மேஸ்திரி லைட்டைத்தான் அணைச்சு அணைச்சுப் போடுவார். அந்தப் பழக்கத்தில் மாட்டி வைத்தது. பால்காரன், போஸ்ட்மேன், கேஸ்காரன் எல்லாரும் காலிங்பெல் என்று நினைத்து அதைத்தான் போடுவாங்க. ஊருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். ஆத்தூருக்குத் தெரியாது என்று எனக்குத் தோணவே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆடி பொறக்கிறதுக்குள்ள மாடிக்கு ஆள் வரவில்லை என்றால் ஊட்டைப் பூட்டிப்போட்டு என்னை ஃபேர்லேண்ட்ஸ் அடுக்குமாடிக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்கிறான் குருமூர்த்தி. காது கேட்காத ஆத்தாளைத் தனியாக விட்டுவைக்க மாட்டானாம். நல்லவன்தான், பயந்தவன். ஆடியில் யாரும் ஊடு மாற மாட்டாங்க, அதனால அதுதான் கெடு. உனக்கு மட்டும்தான் கெடு இருக்கிறது என்று நினைக்காதே.

வள்ளியாத்தாள்


ஆத்தூர்,
2.7.2025

அன்புள்ள அம்மா,

அந்தச் சுவிட்சை நாங்கள் பார்த்தோம்!

அண்ணன் அதில் கையே வைத்துவிட்டான். "இது காலிங்பெல்லா இருக்கும்" என்றான். அத்தா அவன் கையைத் தட்டிவிட்டார். "டேய், அது வாசல் லைட்டுடா. பட்டப்பகல்ல அடுத்தவங்க வீட்டு லைட்டைப் போடுவியா? கரண்டு பில்லு உங்கப்பனா கட்டுவான்?" என்று சத்தம் போட்டார். அவனுடைய அப்பன் அவர்தான் என்பது கூட அவருக்கு அப்போது நினைவில்லை. எங்கள் வீட்டில் ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. அவர் மட்டும் கொஞ்சம் செலவாளியாக இருந்திருந்தால் நாம் அன்றே ஒன்றாக உட்கார்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டிருப்போம். இதை நான் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் அத்தா கோபித்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் முழுதாகச் சிரித்து முடிக்கும் நிலைமையில் நான் இல்லை. அத்தாவுக்கு உங்கள் மேல் இப்போது ஒரு வருத்தமும் கிடையாது. வேறு பயம் வந்துவிட்டது. "மாடியில இவளுக்கு ஒண்ணுன்னா, இவ கத்தினாக்கூட கீழ அந்தம்மாவுக்குத் தெரியாதே" என்கிறார். பி.எட். அப்ளிகேஷன் பூர்த்தி செய்து அலமாரியில்தான் இருக்கிறது. நான் என்ன சொல்வது? அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நியாயமாக இருப்பதுதான் எனக்கு அழுகையாக வருகிறது.

ஆனாலும் இன்னொரு முறை வரச் சம்மதித்திருக்கிறார். ஞாயிறு எங்களுக்கு ஆஷூரா நோன்பு. அதனால் திங்கள்கிழமை வருகிறோம். சுவிட்சை அவரே போடுவாராம்.

உங்கள்,
கௌசியா


கொண்டப்பநாயக்கன்பட்டி,
8.7.2025

கௌசியா கண்ணுக்கு,

நீங்க பஸ் ஏறிப் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். எத்தனை தடவைதான் அந்தச் சுச்சைப் போடுவார் உங்க அப்பா? நான் கேட்டைத் திறந்து எதிரில் நின்ற பிறகும் போட்டுப் போட்டு அணைக்கிறார். பல்பு எரியுதா என்று உள்ளே எட்டிப் பார்க்கிறார். மறுபடியும் போடுகிறார். கரண்டு பில்லுக்குப் பயந்த மனுசனா இது!

அவர் பேசினது பாதி தாடிக்குள்ளேயே போய்விட்டது. நல்லவேளை நீ திருப்பிச் சொன்னாய். ஆனா கிளம்புகிறபோது செருப்பைப் போட்டுக்கொண்டே உங்க அண்ணன்கிட்ட ஒன்று சொன்னாரே, அது எனக்கு நல்லா வௌங்கிச்சு. "தங்கமான அம்மாடா. ஆனா எப்படிடா புள்ளைய விடறது?" என்றார். நான் தெரியாத மாதிரி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வெசனமாகத்தான் இருந்தது. கோவம் வரவில்லை. பொம்பளைப் புள்ளையைப் பெத்தவர் கேட்கவேண்டிய கேள்விதான்.

இன்னைக்குக் காலையில் எலக்ட்ரீசியன் சின்னுசாமியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மாடியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுச்சு. அதைப் போட்டால் கீழே என் கட்டிலுக்கு நேர் மேலே பல்பு எரியும், கூடவே கட்டில் காலில் ஒரு மோட்டார் கடகடவென்று ஆடும். உறங்கினாலும் முழிச்சுக்குவேன். சும்மா சொல்லவில்லை, படுத்துப் பார்த்தேன். சின்னுசாமி மேலே இருந்து போட்டான், நான் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதே மாதிரி கீழே இருந்து உன் தலைமாட்டில் எரிகிற மாதிரி ஒரு பல்பும் போட்டிருக்கிறது.

இது கூடப் பெருசு இல்லை. அடுத்ததுதான் பெருசு. உங்க அப்பாவுக்குக் காது கேட்கிற ஆள் ஒருத்தர் வேணும் இல்லையா? ரெண்டு வருசமாக ஏறாத மஞ்சுளா ஊட்டுப் படியை இன்னைக்கு ஏறினேன். அவளேதான் வந்து கதவைத் திறந்தாள். "இதபாரு மஞ்சுளா, உன் சுவத்துல தண்ணி வழிஞ்சது என் தப்புத்தான். எனக்குக் காது கேட்கிறதில்லை, வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல" என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் கத்திக் கத்திக் கூப்பிட்டும் நீங்க திரும்பிப் பாக்கலைன்னுதானுங்க ஆத்தா எனக்குக் கோவம்" என்கிறாள். ரெண்டு வருசம்! அன்னைக்கு உங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாளே, அதுவும் இவள்தான். "உங்க ஊட்டு ஒறம்பரைகிட்ட நான் என்னன்னு பேசறது" என்று போய்விட்டாளாம். அவள் போன் நம்பரை இதில் எழுதியிருக்கிறேன். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஓடிவந்து என்னை உலுக்கி எழுப்புவாளாம், உங்க அப்பாவிடம் சொல்லச் சொன்னாள்.

பதிமூணாம் தேதி ஞாயிறு, நாள் நல்லா இருக்கிறது. உங்களுக்கு நாள் நட்சத்திரம் இல்லை என்றால் எனக்காகப் பார்த்துக்கொள். ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சிவிடணும். வருவியா, மாட்டியா என்று எழுது. இந்தத் தடவை கோழி வாங்குகிறதுக்கு முன்னால தெரிஞ்சாகணும்.

வள்ளியாத்தாள்


ஆத்தூர்,
10.7.2025

அன்புள்ள அம்மா,

கோழி வாங்குங்கள்.

இதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. மண்டிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தா மூட்டைகளுக்கு நடுவில் நின்றே கேட்டார். தாடியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது தாடியைத் தடவிக்கொண்டார். செருப்புப் போட்டபோது அவர் சொன்னது வந்ததும், "அதையுமா பாத்துட்டாங்க?" என்று அவருக்கு முகமே சிவந்துபோனது. கட்டில் காலில் மோட்டார் என்றதும் பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. உடனே மஞ்சுளா அக்காவுக்குப் போன் போட்டார். அந்த அக்கா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அத்தா வெகுநேரம் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு, "நம்ம புள்ளைக்காக அந்தம்மா எதிரி வீட்டுப் படி ஏறியிருக்காங்க. இனி நான் என்னத்தம்மா யோசிக்கிறது? படிக்கப் போ" என்றார்.

எனக்கு அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்து அழுதேன். எத்தனை வாசல் ஏறி இறங்கினோம் அம்மா! ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பும்போது அண்ணன் ஏதாவது ஜோக் சொல்வான், நான் சிரிக்கிற மாதிரி நடிப்பேன். இன்றைக்குத்தான் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பி.எட். அப்ளிகேஷனை அம்மா வடாம் காயவைக்க எடுத்துக்கொண்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அத்தா தாடி மீசையைக் கொஞ்சம் கத்தரித்துக்கொள்ளச் சலூனுக்குப் போவதாகச் சொல்கிறார். உதடு தெரிய வேண்டுமாம்.

உங்கள்,
கௌசியா


மாடி ரூம்,
25.7.2025

அன்புள்ள அம்மா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று திட்டாதீர்கள். நேரில் சொன்னால் நீங்கள் என் வாயைப் பார்ப்பீர்கள், எனக்கு வெட்கமாகிவிடும். கல்லூரிக்குப் போகிற வழியில் இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

நேற்று வகுப்பில் ஒருத்தி, "உனக்கு எப்படிடி இவ்வளவு பக்கத்துல ரூம் கிடைச்சுது? நாங்க தேடாத இடமில்ல" என்று கேட்டாள். கடிதம் போட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. "அந்தப் போர்டை நாங்களும்தான் பாத்தோம், யாரோ கிறுக்குன்னு நினைச்சோம்" என்றாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், இங்கே சாப்பிடக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். முதல் வாரம் முழுக்க எனக்குத் தினமும் பயம். யாராவது வந்து, "தப்பு நடந்துபோச்சு, இது வேறு ஒருத்தருக்குச் சொன்ன ரூம்" என்று சொல்லிவிடுவார்கள் என்று. பெட்டியில் இருந்த துணிகளை அதனால்தான் வெளியில் எடுத்து வைக்கவே இல்லை. போன சனிக்கிழமை உங்கள் மகன் காரில் வந்து இறங்கினார் அல்லவா? மாடியில் இருந்து பார்த்தேன். அவ்வளவுதான், உங்களைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பெட்டியைக் கூடப் பூட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் தனியாகவே திரும்பிப் போனார். என்ன நடந்தது என்று உங்களைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை துணிகளை எல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கௌசியா


கீழ் ஊடு,
அதே நாள்

கண்ணு,

படித்தேன். மாடிக்கு ஆள் வந்தாச்சு என்று கார்டு போட்டும் நம்பாமல், குருமூர்த்தி ரெண்டு பையை எடுத்துக்கொண்டுதான் வந்தான், என் துணிமணியைக் கட்ட. கேட்டுக்குள்ளே வந்தவன் நிமிர்ந்து மாடிக் கொடியைப் பார்த்தான். உன்ற முக்காடு ரெண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவன் போய் டேங்க்கைப் பார்த்தான், வழியவில்லை. அடுப்படி பல்பைப் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தான். "மாடிப் புள்ள நல்லா படிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டான். அந்த ரெண்டு பையையும் வெறும் பையாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீ பெட்டியைப் பூட்டின நேரத்தில் நான் இங்கே சாமிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன். போர்டை அன்னைக்கே கழட்டி அடுப்புக்கு வைத்தாகிவிட்டது.

இதைப் படியில் வைத்திருக்கிறேன், வந்ததும் எடுத்துப் படிப்பாய். இனி எனக்குக் கடுதாசி எழுதிக் காகிதத்தை வீணாக்காதே, பாடத்தை எழுது. உங்க அப்பா தந்த ஜவ்வரிசியில் பாயசம் காய்ச்சியிருக்கிறேன். சோறும் ஆகிவிட்டது. சுச்சைப் போட்டுவிட்டேன், உன் தலைமாட்டில் எரியுது பார்.

எறங்கி வா.